கீழ்ப் பெருஞ்சிரையில் வரும் புற்றுக்கட்டியும் அதற்கான அறுவை சிகிச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடுப்புக்குக் கீழேயும் வயிற்றிலும் உள்ள இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் பெரிய குழாய்க்குக் கீழ்ப் பெருஞ்சிரை என்று பெயர்; மருத்துவமனைகளில் சுருக்கமாக ஐவிசி என்பார்கள். அதன் சுவரிலிருந்தே முளைக்கும் லியோமயோசார்கோமா என்ற புற்றுக்கட்டியைப் பற்றி நோயாளர்களின் குடும்பத்தினர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். மருத்துவரிடம் பேசப் போகும் முன் படித்துவிட்டுப் போனால் அங்கே கிடைக்கும் சில நிமிடங்களைச் சரியான கேள்விகளுக்குச் செலவிட முடியும் என்பதே இதன் நோக்கம்.

இரத்தக் குழாயில்கூடப் புற்றுநோய் வருமா? நாங்கள் கேள்விப்பட்டதே இல்லையே.

வரும். சிரையின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. அதன் நடு அடுக்கில் மென்தசை செல்கள் இருக்கின்றன. குடல், கருப்பை போன்ற உறுப்புகளிலும் இதே வகைத் தசைதான் இருக்கிறது. அந்தச் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும்போது உருவாகும் புற்றுக்கட்டியே லியோமயோசார்கோமா. தமனிகளைவிடச் சிரைகளில்தான் இது மிகுதி. சிரைகளுக்குள்ளும் கீழ்ப் பெருஞ்சிரையில்தான் இதை அதிகம் காண்கிறார்கள்.

1871இல் பெர்ல் என்ற ஜெர்மானிய மருத்துவர் பிரேதப் பரிசோதனையில் கண்டதை எழுதியதே இந்த நோயைப் பற்றிய முதல் பதிவு. இதை அறுவை செய்து அகற்றிய முதல் முயற்சி 1928இல் மெல்கியோர் என்பவருடையது. கண்டறிந்ததற்கும் கத்தி வைத்ததற்கும் இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது என்பதிலிருந்தே அந்த இடத்தை நெருங்குவது எவ்வளவு கடினம் என்பது தெரியும்.

இது யாருக்கு வரும்? பிள்ளைகளுக்கும் வந்துவிடுமா?

பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதை ஒட்டியவர்களுக்கு வருகிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் பல மடங்கு கூடுதலாகக் காணப்படுகிறது. தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் பெரியவர்களுக்கு வரும் சார்கோமா என்ற புற்றுகளே அரியவை. அவற்றிலும் நூற்றில் ஒன்றுக்கும் குறைவான பங்குதான் இது.

பெரும்பாலான நோயாளர்களிடம் பரம்பரைக் காரணம் எதுவும் இருப்பதில்லை. லி-ஃபிரௌமெனி நோய்க்குறி என்ற மரபணுக் கோளாறு உள்ள குடும்பங்களிலும், குழந்தைப் பருவத்தில் பரம்பரை வகை விழித்திரைப் புற்று வந்தவர்களிடமும் லியோமயோசார்கோமாவின் வாய்ப்பு கூடுதல். குடும்பத்தில் இளவயதில் பலருக்குப் புற்றுநோய் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அப்படி எதுவும் இல்லாத வீட்டில் பிள்ளைகளைப் பற்றி இந்தக் காரணத்துக்காக அஞ்ச வேண்டியதில்லை.

இவ்வளவு பெரிய கட்டி வரும்வரை எப்படித் தெரியாமல் போனது? நாங்கள் கவனிக்கவில்லையா?

உங்கள் கவனக்குறைவு இதற்குக் காரணமில்லை. கீழ்ப் பெருஞ்சிரை வயிற்றின் பின்பக்கத்தில், முதுகெலும்பை ஒட்டி, குடலுக்கும் கணையத்துக்கும் கல்லீரலுக்கும் பின்னால் ஓடுகிறது. அங்கே கட்டி வளர இடம் நிறைய இருக்கிறது. பெரும்பாலான கட்டிகள் முதலில் குழாய்க்கு வெளிப்புறமாகவே வளர்வதால் இரத்த ஓட்டம் உடனே தடைபடுவதில்லை. உட்புறமாக வளர்ந்தாலும், மெதுவாக அடைபடும் சிரைக்கு ஈடாக முதுகுப் பகுதியிலும் வயிற்றுச் சுவரிலும் உள்ள சிறு சிரைகள் விரிந்து மாற்றுப் பாதைகளாகிவிடுகின்றன.

அதனால் இனந்தெரியாத வயிற்று வலி, முதுகு வலி, கால் வீக்கம், எடைக் குறைவு போன்ற பொதுவான தொல்லைகளே தென்படும். வேறெதற்காகவோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவருவதும் உண்டு.

முதலில் இரத்தம் உறைந்திருக்கிறது என்று மருந்து கொடுத்தார்கள். இப்போது கட்டி என்கிறார்கள். எதை நம்புவது?

இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. குழாய்க்குள் வளரும் கட்டி ஸ்கேனில் உறைந்த இரத்தத்தைப் போலவே தோன்றலாம். கட்டிக்கு மேலும் கீழும் உண்மையிலேயே இரத்தம் உறைந்திருக்கவும் கூடும். வேறுபடுத்திக் காட்டும் சில அடையாளங்கள் உண்டு. உறைந்த இரத்தத்துக்கு உயிருள்ள இரத்த ஓட்டம் கிடையாது. ஆகவே சாயம் செலுத்தி எடுக்கும் சிடி அல்லது எம்ஆர்ஐ ஸ்கேனில் அது ஒளிர்வதில்லை. கட்டி ஒளிரும். கட்டி உள்ள இடத்தில் சிரை தன் இயல்பான அகலத்தை மீறிப் புடைத்திருக்கும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை ஒழுங்காக எடுத்தும் 'உறைவு' வளர்ந்துகொண்டே போனால் அது கட்டியோ என்று ஐயுற வேண்டும்.

ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். குத்தினால் பரவிவிடாதா?

பயாப்ஸி செய்வதை அஞ்சித் தள்ளிப்போடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த அச்சம் இயல்பானதுதான் என்றாலும், அதற்கு இடம் கொடுத்தால் சிகிச்சையின் அடித்தளமே தவறிவிடும். முதுகுப்பக்கமாக, சிடி ஸ்கேன் பார்த்துக்கொண்டே, உறையிட்ட ஊசியால் திசு எடுத்தால் ஊசி சென்ற தடத்தில் நோய் பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. கட்டி முழுவதும் குழாய்க்குள் இருந்தால் கழுத்து அல்லது தொடைச் சிரை வழியே சிறு கருவியைச் செலுத்தி உள்ளிருந்தே திசு எடுப்பார்கள்.

தவிர்க்க வேண்டியது வேறொன்று. வயிற்றைத் திறந்தோ, சிறு துளையில் செலுத்தும் கேமராக் குழாயான லேப்ராஸ்கோப் வழியாகவோ கட்டியின் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்து வருவது, கட்டியின் செல்களை வயிற்றறைக்குள் சிந்தச் செய்துவிடக்கூடும். யாராவது அப்படி யோசனை சொன்னால் காரணத்தைக் கேளுங்கள். இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள்.

'நடுப்பகுதி' என்று எழுதியிருக்கிறார்கள். எந்தப் பகுதி என்பது அவ்வளவு முக்கியமா?

அறுவையின் வடிவத்தையே அதுதான் தீர்மானிக்கிறது. சிறுநீரகச் சிரைகள் வந்து சேரும் இடத்துக்குக் கீழே உள்ளது கீழ்ப்பகுதி. அங்கிருந்து கல்லீரல் சிரைகள் சேரும் இடம் வரை நடுப்பகுதி. கல்லீரல் சிரைகளிலிருந்து இதயத்தின் வலது மேலறை வரை மேல்பகுதி. நடுப்பகுதியில்தான் கட்டிகள் அதிகம் தோன்றுகின்றன; மேல்பகுதியில் மிகக் குறைவு.

கீழ்ப்பகுதிக் கட்டியில் கால் வீக்கம் வரலாம். அறுவை ஒப்பீட்டளவில் எளிது. நடுப்பகுதியில் சிறுநீரகங்களும் கல்லீரலும் கணக்கில் வருகின்றன. மேல்பகுதியில் கல்லீரலிலிருந்து இரத்தம் வெளியேற முடியாமல் வயிற்றில் நீர் கோத்து மஞ்சள் காமாலையும் வரலாம். இதற்கு பட்-கியாரி நோய்க்குறி என்று பெயர். அறுவைக்கு மிகவும் கடினமானதும் இந்தப் பகுதிதான்.

மருந்து, கீமோ, கதிர்வீச்சு எதிலாவது கரைத்துவிட முடியாதா? கத்தி வைத்தே ஆக வேண்டுமா?

நோய் வேறெங்கும் பரவாத நிலையில், கட்டியை அது ஒட்டியிருக்கும் சிரைச் சுவரோடு முழுதாக அகற்றுவதே குணமடைய வாய்ப்பளிக்கும் ஒரே சிகிச்சை. மற்றவை அதற்குத் துணை நிற்பவை.

வயிற்றின் பின்புறத்தில் வரும் சார்கோமாக்களுக்கு அறுவைக்கு முன் கதிர்வீச்சு கொடுப்பதால் பயன் உண்டா என்று ஆராய்ந்த ஸ்ட்ராஸ் என்ற பெரிய ஆய்வின் முடிவுகள் 2020இல் வெளிவந்தன. 266 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில் ஒட்டுமொத்தமாகப் பயன் தென்படவில்லை. லியோமயோசார்கோமா உள்ளவர்களுக்கும் பயன் கிடைத்ததற்கான அறிகுறி இல்லை. கீமோவைப் பொறுத்தவரை, அகற்ற முடியாத அல்லது பரவிவிட்ட லியோமயோசார்கோமாவுக்கு டாக்ஸோரூபிசின் என்ற மருந்தை மட்டும் கொடுப்பதைவிட அதோடு டிராபெக்டெடின் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது மேலானது என்று பிரான்சில் நடந்த ஆய்வொன்று காட்டியது. 2024இல் வெளியான அதன் முடிவின்படி இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் கடந்து வாழ்ந்த காலம், 24 மாதங்களிலிருந்து 33 மாதங்களாக உயர்ந்தது. இது மதிக்கத்தக்க முன்னேற்றம். ஆனால் அகற்றக்கூடிய கட்டியை அகற்றாமல் விடுவதற்கு அது காரணமாகாது.

அவ்வளவு பெரிய குழாயை வெட்டி எடுத்துவிட்டால் இரத்தம் எப்படி இதயத்துக்குப் போகும்?

மூன்று வழிகள் உண்டு. கட்டி சுவரின் ஒரு சிறு பகுதியில் மட்டும் இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து நேரடியாகத் தைத்துவிடலாம். குழாய் குறுகிவிடும் என்றால் மாட்டின் இதய உறையிலிருந்து பதப்படுத்திய சவ்வையோ செயற்கைத் துணியையோ ஒட்டாக வைத்துத் தைப்பார்கள். சுற்றளவின் பெரும்பகுதி போய்விட்டால் அந்த நீளம் முழுவதையும் எடுத்துவிட்டுச் செயற்கைக் குழாய் பொருத்துவார்கள். இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது பிடிஎஃப்இ என்ற பொருளால் ஆன, வயிற்றுறுப்புகளின் அழுத்தத்தில் நசுங்காதபடி வளையங்கள் பதித்த குழாய்.

மூன்றாவது வழியைக் கேட்டால் குடும்பத்தினர் திகைத்துப்போகிறார்கள்: எதையும் பொருத்தாமல் இரு முனைகளையும் கட்டிவிட்டு வருவது. கட்டி நெடுநாளாகச் சிரையை முற்றிலும் அடைத்திருந்தால், முன்னர் சொன்ன மாற்றுப் பாதைகள் ஏற்கெனவே முழு வேலையையும் செய்துகொண்டிருக்கும். அப்போது புதுக் குழாய் தேவைப்படாது. மாறாக, சிரை பாதி திறந்திருக்கும் நோயாளரிடம் மாற்றுப் பாதைகள் வளர்ந்திருக்காது. அவருடைய சிரையின் முனைகளைக் கட்டி அடைத்துவிட்டால் கால்கள் கடுமையாக வீங்கும், சிறுநீரகங்கள் பாதிக்கப்படும். ஆகவே முழுதும் அடைபட்டவருக்கு மறுசீரமைப்பு இல்லாமலும், பாதி அடைபட்டவருக்குச் செயற்கைக் குழாயோடும் அறுவை முடிவது முரண்போலத் தோன்றினாலும் மருத்துவ நியாயம் உள்ளதே. மாற்றுப் பாதைகளை வெட்டாமல் காப்பாற்றுவது அறுவை மருத்துவரின் கைத்திறனில் பெரும்பங்கு.

கட்டியை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டுச் சிரையை விட்டுவிடலாமே? எங்கள் உறவினருக்குச் சிறுநீரகப் புற்று இதே குழாய்க்குள் வந்தபோது அப்படித்தானே செய்தார்கள்?

இரண்டும் வேறு வேறு நோய்கள். சிறுநீரகப் புற்று நோயாளர்களில் ஏறக்குறைய 4 முதல் 10 சதவீதத்தினருக்குக் கட்டியின் நாக்கு போன்ற நீட்சி சிறுநீரகச் சிரை வழியாகக் கீழ்ப் பெருஞ்சிரைக்குள் வளர்கிறது. சிலருக்கு இதயம் வரைகூடப் போகிறது. அந்த நீட்சி பெரும்பாலும் குழாய்க்குள் தளர்வாகவே கிடக்கும். ஆகவே சிரையைத் திறந்து, சிறுநீரகத்தோடு அதை உருவி எடுத்துவிட்டு, சிரையைத் தைத்துவிட முடிகிறது. சுவருக்குள்ளும் ஊடுருவியிருந்தால் அங்கும் சுவரை வெட்டத்தான் வேண்டும்.

லியோமயோசார்கோமாவோ சுவரிலேயே பிறந்தது. சுவரில் ஓதம் ஏறியபின் மேற்பூச்சைச் சுரண்டிப் பயனில்லாததைப் போல, சிரையை விட்டுவைத்துக் கட்டியை மட்டும் எடுத்தால் நோயின் வேர் அங்கேயே இருக்கும். முதல் அறுவையிலேயே முழுமையாக எடுப்பதுதான் முக்கியம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுவே. அரைகுறையாக எடுத்த இடத்தில் தழும்பு ஏறிய பிறகு இரண்டாம் முறை செல்வது மிகக் கடினம்.

கருப்பைக் கட்டி இதயம் வரை போயிருக்கிறது என்று ஒருவருக்குச் சொன்னார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது கருப்பையின் சாதாரண நார்க்கட்டித் திசுவே சிரைகளுக்குள் புகுந்து, கருப்பை அல்லது சினைப்பைச் சிரை வழியாகக் கீழ்ப் பெருஞ்சிரைக்கு ஏறி, சில வேளை இதயம் வரை நீளும் ஓர் அரிய நிலை. நுண்ணோக்கியில் அது புற்றில்லாத திசு. இதயத்தின் வாசலை அடைக்கக்கூடியது என்பதால் ஆபத்தானது. ஆனாலும் முழுதாக உருவி எடுத்து, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றினால் நல்ல பலன் கிடைக்கிறது. பயாப்ஸியைத் தவிர்க்கக் கூடாது என்று முன்னே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிறுநீரகத்தையும் எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். வலது பக்கத்துக்குத்தான் கவலை என்கிறார்கள். ஏன் அப்படி?

இடது சிறுநீரகச் சிரை நீளமானது. சினைப்பை அல்லது விதைப்பையிலிருந்து வரும் சிரையும், அட்ரினல் சிரையும், முதுகுப் பகுதிச் சிரைகளும் அதில் வந்து சேர்கின்றன. பெருஞ்சிரையோடு உள்ள இணைப்பைக் கட்டிவிட்டாலும் இடது சிறுநீரகத்தின் இரத்தம் இந்த வழிகளில் பின்னோக்கிச் சென்று வெளியேறிவிடும். வலது சிறுநீரகச் சிரை குட்டையானது. நேராகப் பெருஞ்சிரையில் திறப்பது. அதற்கு இந்தத் துணைவழிகள் கிடையாது. ஆகவே வலப்பக்கச் சிரையைச் செயற்கைக் குழாயில் மீண்டும் பொருத்த வேண்டும். அல்லது கட்டி சிறுநீரகத்தையே பற்றியிருந்தால் அதை எடுக்க வேண்டும். மற்றொரு சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்பதை அறுவைக்கு முன்பே சோதித்துவிடுவார்கள்.

இதயத்தை நிறுத்திவிட்டுச் செய்வார்களா?

எல்லோருக்கும் இல்லை. கீழ்ப்பகுதிக் கட்டிக்குச் சிரையை மேலும் கீழும் கிடுக்கியால் பிடித்தாலே போதும். கல்லீரலின் பின்னால் உள்ள கட்டிக்கு முதலில் கல்லீரலை அதன் பிணைப்புகளிலிருந்து விடுவித்துப் புரட்டுவார்கள். தேவைப்பட்டால் கல்லீரலுக்குள் போகும் இரத்தத்தையும் அதிலிருந்து வெளிவரும் இரத்தத்தையும் சிறிது நேரம் நிறுத்திவைப்பார்கள். நலமான கல்லீரல் இதை ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்கும். முதலில் சோதனையாகக் கிடுக்கியிட்டுப் பார்ப்பார்கள். இரத்த அழுத்தம் சரிந்தால், தொடைச் சிரையிலிருந்து இரத்தத்தை எடுத்துப் பம்பு மூலம் கழுத்து அல்லது அக்குள் சிரைக்குச் செலுத்தும் மாற்றுச் சுற்றை அமைப்பார்கள்.

கட்டி இதயத்தின் வலது மேலறைக்குள் நுழைந்திருந்தால் இதய-நுரையீரல் இயந்திரம் தேவைப்படும். மிகச் சிலருக்கு உடலை ஏறக்குறைய 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து இரத்தச் சுற்றோட்டத்தையே சிறிது நேரம் நிறுத்தி வேலை செய்வதும் உண்டு. உணவுக்குழாய் வழியாகச் செலுத்திய எக்கோ கருவி, கட்டியின் துண்டு எதுவும் இதயத்துக்குப் போய்விடாமல் இருக்கிறதா என்று அறுவை நடக்கும்போதே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆபரேஷனில் உயிருக்கு ஆபத்து எவ்வளவு? பிறகு என்னென்ன வரலாம்?

இது பெரிய அறுவை, ஆபத்து உண்டு. கட்டியின் இடம், எத்தனை உறுப்புகளை எடுக்க வேண்டியிருக்கிறது, நோயாளரின் இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்பவற்றைப் பொறுத்து ஆபத்து பெரிதும் மாறுவதால், உங்களுக்கு உரிய கணிப்பை உங்கள் அறுவை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். இரத்தப்போக்கு, நுரையீரலுக்கு உறைவோ கட்டித் துண்டோ போய் அடைப்பது, சிறுநீரகம் தற்காலிகமாகச் செயலிழப்பது, செயற்கைக் குழாயில் உறைவோ தொற்றோ ஏற்படுவது, நிணநீர் வயிற்றில் கசிவது ஆகியவை எதிர்பார்க்கத்தக்க சிக்கல்கள்.

செயற்கைக் குழாய் எத்தனை வருடம் வரும்? வாழ்நாள் முழுக்க மாத்திரையா?

அது தேய்ந்து மாற்றப்படும் பொருளல்ல. தொற்றைத் தடுக்க, குடல் நேரடியாகத் தொடாதபடி வயிற்றுக் கொழுப்புச் சவ்வால் அதைப் போர்த்திவிடுவதும் வழக்கம். இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தில் மருத்துவமனைக்கு மருத்துவமனை நடைமுறை வேறுபடுகிறது: சிலர் சில மாதங்களுக்கு மட்டும் வீரியமான மருந்து கொடுத்துப் பிறகு ஆஸ்பிரினுக்கு மாற்றுகிறார்கள், சிலர் நீண்ட காலம் கொடுக்கிறார்கள். ஒருவருக்கு எழுதிக்கொடுத்ததை இன்னொருவர் பின்பற்றக் கூடாது.

ரிப்போர்ட்டில் 'ஓரத்தில் செல்கள் இருக்கின்றன' என்று வந்திருக்கிறது. மறுபடி வெட்ட வேண்டுமா?

பெரும்பாலும் உடனே வெட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரிந்த கட்டி முழுதும் போய், நுண்ணோக்கியில் மட்டும் ஓரத்தில் செல்கள் தெரிவது ஒரு நிலை. கண்ணுக்குத் தெரியும்படியே கட்டியை விட்டுவருவது வேறு நிலை. முன்னதில் நீண்ட காலம் வாழ்ந்தவர்கள் உண்டு. பின்னதன் பலன் மிக மோசம். பெருஞ்சிரையைச் சுற்றி முதுகெலும்பும் மகாதமனியும் நெருங்கியிருப்பதால், கைகால் கட்டிகளில் எடுப்பது போல அகலமான நல்ல திசுவைச் சேர்த்து எடுக்க அங்கே இடமில்லை. அடுத்து என்ன செய்வது என்பதைச் சார்கோமா குழு கூடி முடிவெடுக்க வேண்டும்.

உண்மையைச் சொல்லுங்கள், எவ்வளவு பேர் பிழைக்கிறார்கள்?

பல நாடுகளிலிருந்து 218 நோயாளர்களின் விவரங்களைத் திரட்டி 1996இல் வெளியான பதிவேட்டின்படி, கட்டியை முழுமையாக அகற்றியவர்களில் 49.4 சதவீதத்தினர் ஐந்து ஆண்டுகளும், 29.5 சதவீதத்தினர் பத்து ஆண்டுகளும் வாழ்ந்திருந்தார்கள். மேல்பகுதிக் கட்டி, பட்-கியாரி நோய்க்குறி, கால் வீக்கம், குழாய்க்குள் வளர்ந்த கட்டி, சிரையின் முழு அடைப்பு ஆகியவை பலனைக் குறைத்தன.

இந்த எண்கள் பழைய காலத்து ஸ்கேன்களையும் மருந்துகளையும் கொண்ட நோயாளர்களுடையவை என்பதை மறக்கக் கூடாது. அதே நேரம், முழுமையாக அகற்றிய பிறகும் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் திரும்புகிறது என்ற உண்மையை மறைப்பதும் சரியல்ல என்று கருதுகிறேன். அதனால்தான் பின்தொடர் சோதனைகள் அறுவைக்கு நிகரான முக்கியத்துவம் உடையவை. வழக்கமாக முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும், ஐந்தாண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் ஸ்கேன் எடுக்கிறார்கள். நோய் முதலில் போய்ச் சேரும் இடங்கள் நுரையீரலும் கல்லீரலும். நுரையீரலில் ஒன்றிரண்டு முடிச்சுகள் மட்டும் வந்தால் அவற்றையும் அறுவையால் எடுக்கலாம்.

மகாதமனியிலும் நுரையீரல் தமனியிலும்கூட இப்படி வருமா?

வரும், இதைவிடவும் அரிது. அங்கே பெரும்பாலும் உள்ளடுக்கிலிருந்து முளைக்கும் இன்டிமல் சார்கோமா என்ற வகை காணப்படுகிறது. நுரையீரல் தமனியில் வருவதை 1923இல் மண்டெல்ஷ்டாம் முதலில் பதிவுசெய்தார். அது நுரையீரல் உறைவு என்றே தவறாகக் கணிக்கப்பட்டு மாதக்கணக்கில் மருந்து கொடுக்கப்படுவதுண்டு. இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு தமனியின் உள்ளடுக்கோடு கட்டியை உரித்தெடுப்பது அதற்கான அறுவை. மகாதமனிக் கட்டி, அதன் துண்டுகள் உடைந்து கால்களுக்கோ குடலுக்கோ போய் அடைப்பதால் வெளிப்படுகிறது. இரண்டின் பலனும் சிரைக் கட்டியைவிடக் குறைவு.

ஒரு மருத்துவமனையில் 'ஆபரேஷன் முடியாது' என்று சொல்லிவிட்டார்கள். அத்தோடு முடிந்ததா?

அவர்கள் சொன்ன காரணத்தைப் பொறுத்தது. நோய் பல உறுப்புகளுக்குப் பரவிவிட்டது என்பதே காரணமானால் அது பெரும்பாலும் சரியான முடிவு. முன்னே சொன்ன மருந்துகளோடு தொடங்குவதே நல்லது. கட்டி கல்லீரல் சிரைகளைத் தொட்டிருக்கிறது, இதயத்துக்குள் போயிருக்கிறது என்பது காரணமானால், அது அந்த மருத்துவமனையின் எல்லையாக இருக்கலாம். கல்லீரலை வெளியே எடுத்துக் குளிர்ந்த கரைசலில் வைத்து, கட்டியை அகற்றிச் சிரையைச் சீரமைத்து, மீண்டும் உடலில் பொருத்தும் முறைகூட உலகில் சில இடங்களில் தேர்ந்தெடுத்த நோயாளர்களுக்குச் செய்யப்பட்டிருக்கிறது.

ஆகவே கல்லீரல் மாற்று அறுவை, இதய அறுவை, இரத்தக்குழாய் அறுவை, சார்கோமா மருத்துவம் ஆகிய நான்கும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் மருத்துவமனையில் இரண்டாம் கருத்துக் கேளுங்கள். ஸ்கேனின் அச்சிட்ட அறிக்கை மட்டும் போதாது. சிடி, எம்ஆர்ஐ படங்கள் முழுவதும் பதிந்த வட்டை வாங்கிச் செல்லுங்கள். பயாப்ஸியின் மெழுகுக் கட்டைகளையும் கண்ணாடிச் சில்லுகளையும் கேட்டு வாங்கினால் அங்குள்ள நோயியல் நிபுணர் மீண்டும் பார்க்க முடியும். இப்படிப்பட்ட அறுவைகளை எத்தனை முறை செய்திருக்கிறார்கள், சிரையை எந்த வழியில் சீரமைக்கத் திட்டமிடுகிறார்கள், உங்கள் வழக்கைக் குழுவாகக் கூடிப் பேசினார்களா என்ற மூன்றையும் தயங்காமல் கேட்கலாம். இவற்றுக்கு நேரடியாக விடை சொல்லும் குழுவிடம் அறுவையை ஒப்படையுங்கள்.